சவக்காலைக்குள் போன பசு

நெடுந்தீவில் எங்கள் கோவிலுக்குப் பின்னால் போகும் ஒடுங்கிய ஒழுங்கையில் குடியிருப்பவர் சந்தியோகு அண்ணை. எல்லாருக்கும் அவரைத் தெரியும். ஆனால் அவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் பால் கொண்டுவருவார், பூசைக்கு வருவார், கேட்டதற்கு ஓம் என்பார் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் அவர் யாருக்கும் இடம் கொடுத்ததில்லை.

இளம் வயதில் அவர் கடலுக்குப் போனவர். வள்ளத்து இயந்திரத்தில் கால் அகப்பட்ட பிறகு கடலை விட்டுவிட்டுக் கொஞ்ச நிலமும் மாடுமாக இருந்துகொண்டார். மனைவி அஞ்சலா எழுவைதீவில் இருந்து வாழ வந்தவ. ஒரே மகள் றஜனி மன்னாரில் கலியாணம் முடித்திருக்கிறாள். பசுவை வளர்த்தது அஞ்சலாதான். சிவந்த நிறம் என்றபடியால் சிவப்பி என்று பேர். பால் கறப்பது, தண்ணீர் வைப்பது, அதோடு கதைப்பது எல்லாம் அஞ்சலாவின் வேலை. அண்ணை புல்லு வெட்டிக் கொண்டுவந்து போடுவார். அவ்வளவுதான்.

போன தை மாதம் அஞ்சலா வயிற்றில் கட்டி வந்து மோசம் போனா. கடைசி நாட்களில் சோறு இறங்கவில்லை. சிவப்பியின் பாலில் தண்ணீர் கலந்து கரண்டியால் பருக்கினார்கள். அது மட்டும் இறங்கியது.

அடக்கத்தின்போது அண்ணை அழவில்லை. அதைச் சிலர் குறையாகவும் கதைத்தார்கள். ஆண்டவர் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு விதமாகப் படைத்திருக்கிறார். மகள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, தோளைப் பிடித்திருப்பது யார் என்று தெரியாதவர்போல நின்றார். வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். அடுத்த நாள் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து ஒரு நேர்த்தி வைத்தார். ஆண்டுப் பூசை முடியும்வரை மீனோ இறைச்சியோ தொடுவதில்லை. மீன் செதில் ஒன்றுகூடத் தன் வாசல் படலையைத் தாண்டி வராது. அஞ்சலாவின் ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருந்து கெதியாக வெளியே வரவேண்டும். அதுதான் வேண்டுதல்.

தீவில் இருந்துகொண்டு மீன் இல்லாமல் சாப்பிடுவது லேசான காரியம் இல்லை. ஆனால் அவருக்கு அது கஷ்டமாகவே தெரியவில்லை. சோறும் பருப்பும் வைப்பார். சில நாள் பருப்புக்கு உப்புப் போட மறந்துவிடுவார். மறந்தது தெரியாமலே சாப்பிட்டு முடித்துச் சோற்றுக் கோப்பையைக் கழுவி வைப்பார். றஜனி தொலைபேசியில் கேட்பாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களோ?"

"ஓம்."

"சுகமா இருக்கிறீங்களோ?"

"ஓம்."

"இஞ்ச வந்து கொஞ்சநாள் நில்லுங்கோவன்."

"ஓம், பாப்பம்."

வைத்துவிடுவார்.

வைகாசியில் சிவப்பி கன்று போட்டது. முதலில் நல்ல பால். வெயில் ஏற ஏறப் பசு வற்றிக்கொண்டு வந்தது. முதுகெலும்பு தெரிந்தது. நடையில் ஒரு நொண்டல். கட்டின கயிற்றைச் சப்பியது, படலைத் தடியைச் சப்பியது, மதிலில் இருந்து விழுந்த கல்லை நக்கியது. ஒருநாள் கொடியில் காய்ந்த அண்ணையின் சேட்டின் பாதியை விழுங்கிவிட்டது. மிச்சப் பாதியைப் பார்த்தார். அதை மடித்து அலுமாரிக்குள் வைத்தார்.

ஐப்பசி வந்தும் இந்த வருஷம் மழை இல்லை. மரித்தோர் திருநாள் வருகிறது என்று எல்லோரும் சவக்காலை துப்புரவாக்கப் போனோம். சவக்காலை மதிலின் கடற்கரைப் பக்கம் போன மாரிப் புயலில் இடிந்து, யாரும் கட்டாமல் கிடந்தது. எங்கள் சவக்காலையில் இடம் குறைவு. புதிதாக ஒருவரை அடக்கத் தோண்டினால் பழைய எலும்புகள் வரும். அவற்றை எடுத்து மூலையில் இருக்கும் எலும்புக் குழியில் மரியாதையாக வைப்பது வழக்கம். அந்தக் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு சிவப்பி நின்றது.

முதலில் கண்டது மாக்கிறேற். அண்ணையின் பக்கத்து வீட்டுக்காரி, அவரிடம்தான் பால் வாங்குபவ.

"சேசுவே! இஞ்ச ஓடி வாங்கோ, இஞ்ச வந்து பாருங்கோ!"

பசு தலையை நிமிர்த்தியது. வாயின் ஒரு பக்கத்தால் எலும்பு ஒன்று, கிழவன் சுருட்டுப் பிடித்ததுபோல, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆறுதலாகச் சப்பியது. எங்களைப் பார்த்துக்கொண்டே சப்பியது.

"ஐயோ, காலமை இதின்ர பாலிலதானே தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தனான்!" என்று மாக்கிறேற் வாயைப் பொத்தினா.

"உம்மட மாமியாரும் உந்தக் குழிக்குள்ளதானே?" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். "உயிரோட இருக்கேக்க ஒரு வாய் தண்ணி குடுக்கேல்லை எண்டு திட்டினவ. இப்ப உம்மட வயித்துக்குள்ளயே வந்திட்டா."

சிலர் சிரித்துவிட்டார்கள். டிலான் குழிக்குள் இறங்கியதும் சிரிப்பு நின்றது. டிலான் எங்கள் பங்குச் சபையின் செயலாளர். போன வருஷம் அவனுடைய சித்தப்பாவை அடக்கியபோது அதே இடத்தில் இருந்த தகப்பனின் எலும்புகளைத் தன் கையாலேயே எடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, இந்தக் குழியில் வைத்தவன். இப்போது துணி கிழிந்து கிடந்தது. உள்ளே இருந்தது குறைந்திருந்தது. டிலான் துணியைத் தூக்கிப் பார்த்தான். திரும்ப வைத்துவிட்டு மேலே ஏறி வந்தான்.

அன்று மத்தியானமே அண்ணையின் படலையில் போய் நின்றான். நடந்ததைச் சொன்னான். அண்ணை தலையை ஆட்டிக் கேட்டார்.

"அண்ணை, இனி உது இந்த ஊரில நிக்கக் கூடாது. திருநாளுக்கு முதல் மாட்டு வியாபாரி வருவான். நான் சொல்லிவிடுறன். குடுத்திடுங்கோ."

"ஓம்."

"கன்டும் சேர்த்துத்தான் எடுப்பான்."

"ஓம்."

வியாபாரி தோணியில் ஏற்றிக்கொண்டு போகும் மாடுகள் எங்கே போகும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அண்ணைக்கும் தெரியும். டிலான் போன பிறகு அவர் சிவப்பிக்குப் புல்லுப் போட்டுவிட்டுக் கதிரையில் போய் இருந்தார். அஞ்சலா வளர்த்த பசு போகப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாராம். சொல்லியும் மனதுக்குள் ஒன்றும் வரவில்லையாம். பிறகு ஒருநாள் அவரே சொன்னது இது.

மாட்டு வைத்தியர் அடுத்த நாள் வந்தது அண்ணைக்காக இல்லை. ஊர் மாடுகளுக்கு ஊசி போட வினோதா என்ற பெண் டொக்டர் படகில் வந்திருந்தா. அவவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மாக்கிறேற்தான் கூட்டிக்கொண்டு வந்தா.

"டொக்டர், பால் குடிச்ச எங்களுக்கு ஏதும் வருமோ? எனக்கு ராத்திரி முழுக்க வயித்தைப் பிரட்டினது."

"பாலால பிரட்டினதோ, நினைச்சு நினைச்சுப் பிரட்டினதோ?"

"எதால எண்டாலும் பிரட்டினது பிரட்டினதுதானே!"

வினோதா சிரித்துக்கொண்டு பசுவின் வாயைத் திறந்து பார்த்தா. முதுகைத் தடவினா. முழங்கால்களை அமத்திப் பார்த்தா. காய்ச்சிக் குடித்தால் பாலுக்கு ஒன்றும் இல்லை என்றா. பிறகு அண்ணையிடம் திரும்பினா.

"ஐயா, இதுக்குப் பேயும் பிடிக்கேல்லை, பைத்தியமும் இல்லை. இதுக்குப் பொசுபரசு காணாது."

அண்ணை பசுவையும் அவவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கவில்லை என்று அவவுக்கு விளங்கியது. நிலத்தில் குந்தி இருந்து, கூழாங்கற்களைப் பொறுக்கி வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல இல்லாமல், ஆள் ஆளோடு கதைப்பதுபோலச் சொன்னா.

"உயிருள்ள எல்லாம் மூலகம் எண்டு சொல்லுற கொஞ்சச் சாமானாலதான் ஆகியிருக்கு. நீங்கள், நான், பசு, இந்தப் புல்லு எல்லாம். கனக்க இருக்கிறது ஒட்சிசன், காபன், ஐதரசன், நைதரசன். அதுகள் காத்தில இருக்கு, தண்ணியில இருக்கு. அதுக்குப் பஞ்சமில்லை. பிறகு கல்சியம். அதுக்கும் இஞ்ச பஞ்சமில்லை, காலுக்குக் கீழ முழுக்கக் கல்லுத்தானே. குறையிறது பொசுபரசு. அது எலும்பில இருக்கு, பல்லில இருக்கு, உடம்பின்ர ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் இருக்கு. பாலிலயும் போகும். மழை இல்லாத புல்லில அது இல்லை. ஆனால் கன்டுக்குப் பால் குடுக்க வேணுமே. அதால பசு தன்ர எலும்பில இருந்தே எடுத்துக் குடுக்குது. குடுத்துக் குடுத்துத் தன்ரை முடிய, மற்ற எலும்பைத் தேடிப் போகுது."

"அதுக்கு என்னண்டு தெரியும், எலும்பில இருக்கு எண்டு?" என்று மாக்கிறேற் கேட்டா.

"தெரியாது அக்கா. பசி இழுக்குது, அவ்வளவுதான்."

பிறகு டொக்டர் அண்ணையைக் கேட்டா. "போன முறை கன்டு போட்டபோது இப்பிடி இருந்ததோ?"

"இல்லை."

"அப்ப என்ன குடுத்தனீங்கள்?"

"இதுதான். புல்லு, புண்ணாக்கு, கஞ்சித்தண்ணி. ஒண்டும் மாத்தேல்லை."

மாக்கிறேற் மதிலில் சாய்ந்தபடி குறுக்கே வந்தா. "என்ன அண்ணை மாத்தேல்லை? அஞ்சலாக்கா மீன் முள்ளு, தலை எல்லாத்தையும் அவிச்சு, மதிலில காயவைச்சு, இடிச்சுக் கஞ்சித்தண்ணிக்குள்ள போடுறவவெல்லோ. வெளியில எறிஞ்சால் நாய் இழுத்துக்கொண்டு திரியும் எண்டு."

அண்ணை அவவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது," என்றார்.

"உங்களுக்குத் தெரியாதோ? இத்தனை வருஷமா உரல் இடிச்ச சத்தம் கேக்கேல்லையோ?"

"கேட்டனான். மிளகாய் இடிக்கிறா எண்டு நினைச்சன்."

வினோதா எழும்பிக் கையைத் தட்டினா. "அதுதான் விஷயம். மீன் முள்ளும் எலும்புதானே. பிறகேன் நிப்பாட்டினீங்கள்?"

அண்ணை படலையைப் பார்த்தார். மாக்கிறேற்தான் மெதுவாக நேர்த்தியைப் பற்றிச் சொன்னா. செதில்கூடப் படலை தாண்டாது என்று அவர் வைத்த நேர்த்தி. அஞ்சலாவின் ஆத்துமாவுக்கென்று அவர் அடைத்த வழியால்தான் அஞ்சலாவின் பசுவுக்குப் போகவேண்டியது போகவில்லை. இதை அங்கே யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்த படகில் தாது உப்புக் கட்டி அனுப்புவதாக வினோதா சொன்னா. அதுவரை முள்ளை நன்றாக அவித்து, காயவைத்து, மாவாக இடித்துக் கொடுக்கலாம். சவக்காலைக்கு மட்டும் விடக்கூடாது. பழைய எலும்பில் நஞ்சு இருக்கும், பட்டால் கால் சோர்ந்து விழுந்துவிடும். போக வெளிக்கிட்டபோது அண்ணை கூப்பிட்டார்.

"டொக்டர், ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ ஐயா."

"செத்தாப் பிறகு அந்தச் சாமான் என்ன ஆகிறது?"

"ஒண்டும் அழியாது. மண்ணுக்குப் போகும். மண்ணில இருந்து புல்லுக்கு, புல்லில இருந்து மாட்டுக்கு. பேந்து வேற ஆருக்கோ."

விபூதிப் புதனில் நெற்றியில் சாம்பல் பூசும்போது பங்குச் சுவாமி, மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சொல்வதும் ஏறக்குறைய இதுதான். அண்ணை சவக்காலைப் பக்கம் கையைக் காட்டினார்.

"என்ர மனுசி கடைசியாக் குடிச்சது இதின்ர பால். அப்ப அதில கொஞ்சம் அங்க அவவின்ர எலும்பில இருக்குமோ?"

வினோதா அவர் காட்டிய பக்கம் பார்த்தா. "இருக்கும் ஐயா," என்றா. "கொஞ்சம் இருக்கும்."

அண்ணை தலையை ஆட்டினார். யாராவது நாளைக்குப் படகு ஓடாது என்று சொன்னால் எப்படித் தலையை ஆட்டுவாரோ, அப்படி.

அன்று பின்னேரம் செபமாலை முடிந்ததும் கோவில் விறாந்தையில் சபை கூடியது. சவக்காலைத் துப்புரவு, மெழுகுதிரி, பூசை நேரம் எல்லாம் பேசி முடிந்தது. வியாபாரி விடிய வருகிறான் என்று டிலான் அறிவித்தான். கடைசி வாங்கில் இருந்த சந்தியோகு அண்ணை எழும்பினார். அவர் சபையில் எழும்பி நின்றதை அதற்கு முதல் யாரும் கண்டதில்லை.

"பசுவைக் குடுக்கேல்லை," என்றார்.

டிலான் திரும்பினான். "என்ன அண்ணை? என்னட்ட ஓம் எண்டனீங்கள்."

"ஓம் எண்டனான்தான். இப்ப குடுக்கேல்லை. அதைக் கட்டி வைச்சுப் பாக்கிறன். சவக்காலை மதிலை நான் கட்டுறன். திருநாளுக்கு முதல்."

"மதில் கட்டினாப்போல சரியோ? அது திண்டது வைக்கோல் இல்லை அண்ணை!" டிலான் கையை நீட்டிக் காட்டினான். "அது என்ர அப்பா. என்ர கையால துணியில சுத்தி வைச்சனான். இப்ப துணிதான் கிடக்கு. நான் அந்த மாட்டை ஒழுங்கையில ஒவ்வொரு நாளும் காண வேணுமோ?"

அவன் சொன்னதில் பிழை இல்லை. சுவாமியும் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணை யோசித்தார். வாதாடுகிற முகம் இல்லை. கணக்குச் சரியோ என்று பார்க்கிற முகம்.

"ஓம் டிலான். உன்ர அப்பாதான்," என்றார். "டொக்டர் சொன்னவ, ஒண்டும் அழியாது எண்டு. அப்ப அவர் இப்ப கொஞ்சம் பசுவின்ர எலும்பில நிக்கிறார். கொஞ்சம் கன்டிலயும் நிக்கிறார். அதைத்தான் நீ வெட்டக் குடுக்கச் சொல்லுறாய். குடுக்கச் சொன்னால் குடுக்கிறன். நீ சொல்லு."

டிலான் கையில் இருந்த கோவில் கதவுத் திறப்புக் கோர்வையை வாங்கில் வைத்தான். திரும்ப எடுத்தான். "வியாபாரியை வரவேண்டாம் எண்டு சொல்லுறன்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். இன்றுவரை அவன் அண்ணையோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எல்லாரும் கலைந்த பிறகு அண்ணை சுவாமியிடம் போய் நேர்த்தியைப் பற்றிக் கேட்டார். மீன் முள்ளு வாங்கினால் நேர்த்தி முறியுமோ, அஞ்சலாவுக்கு ஏதும் குறை வருமோ என்று.

"நேர்த்தி வைச்சது நீர் சந்தியோகு," என்றார் சுவாமி. "பசு ஒண்டும் வைக்கேல்லையே."

அண்ணை அதை அப்படியே எடுத்துக்கொண்டார். நேர்த்தியில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மீன் அவர் வீட்டுக்குள் வராது. ஆகையால் உரலைப் படலைக்கு வெளியே ஒழுங்கைக்கு உருட்டிக்கொண்டு வந்தார். அடுப்புக்கு மூன்று கல்லும் ஒழுங்கையிலேயே வைத்தார். கடற்கரையில் தலையும் முள்ளும் கேட்டு வாங்கி வந்து, ஒழுங்கையில் அவித்து, மதிலின் வெளிப்புறத்தில் காயவைத்து, ஒழுங்கையிலேயே இருந்து இடித்தார். சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி உரலைச் சுற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். "அண்ணை ரோட்டில குசினி திறந்திருக்கிறார்" என்று சிரித்தார்கள். பசுவையும் வெளியே கொண்டுவந்துதான் அதைக் குடிக்க வைத்தார்.

காலையில் மதில் வேலை. இடிந்த கற்களைப் பொறுக்கி, எங்கள் ஊர் முறைப்படி சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கால் ஏலாதவர், ஆனாலும் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. அஞ்சலாவின் கல்லறை அந்தப் பக்கம்தான். நாற்பதாம் நாளுக்குப் பிறகு அவர் அங்கே வந்ததில்லை. இப்போது கல்லுத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டித் தாண்டிப் போனார். நிற்கவில்லை. ஒருமுறை மட்டும் தலைமாட்டில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினார். அதைத் தூர எறியப் போய், எறியாமல், பசுவுக்கென்று மடியில் கட்டிக்கொண்டார்.

திருநாளுக்கு மதில் முடிந்திருந்தது. எல்லோரும் மெழுகுதிரி கொளுத்தினோம். பால் வாங்க ஒருவரும் போகவில்லை. அண்ணை ஒருவரையும் கேட்கவும் இல்லை. கறந்ததைக் கன்றுக்கு விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு காலை நான் அந்த ஒழுங்கையால் போனபோது மாக்கிறேற் ஒரு கையில் வெறும் பால் போத்தலும் மறு கையில் வாழையிலையில் சுற்றிய முள்ளும் கொண்டு வந்து நின்றா.

"இந்தாங்கோ அண்ணை, நேற்றைய விளைமீன்ர முள்ளு. போத்தலுக்குப் பாலும் விடுங்கோ. பிளேன்ரீ குடிச்சுக் குடிச்சு நாக்குச் செத்துப்போச்சு. மாமியார் வயித்துக்குள்ள இருந்து திட்டினாலும் பரவாயில்லை."

அண்ணை முள்ளை வாங்கி உரலுக்குப் பக்கத்தில் வைத்தார். இடித்த மாவைக் கஞ்சித்தண்ணிக்குள் கொட்டினார். சிவப்பி மோந்து பார்த்துவிட்டுத் தலையை எடுத்தது.

"உப்புப் போடேல்லையோ?" என்று மாக்கிறேற் கேட்டா. "அஞ்சலாக்கா உப்பு ஒரு பிடி போடுறவ."

அண்ணை உள்ளே போய் உப்பு எடுத்து வந்தார். ஒரு பிடி போட்டுக் கையால் கலக்கினார். பசு குனிந்து குடித்தது. கையைக் கழுவாமல் அப்படியே நின்றார்.

"மாக்கிறேற்," என்றார். "வேற என்னென்ன செய்தவ? எனக்குத் தெரியாமல்?"

மாக்கிறேற் என்னைப் பார்த்தா. போத்தலை மதிலில் வைத்தா. கவிழ்த்துக் கிடந்த வாளியின் மேல் இருந்தா.

"எதில இருந்து சொல்ல," என்றா. "உங்கட சாரத்தின்ர கரையெல்லாம் மூட்டித் தைச்சது ஆர் எண்டு நினைக்கிறீங்கள்? தையல்காரனோ?"

அண்ணை குனிந்து தான் கட்டியிருந்த சாரத்தைப் பார்த்தார். ஈரக் கையோடு அதன் விளிம்பைத் தூக்கி, தையலைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"சொல்லும்," என்றார்.